பன்னிரண்டாவது வரிசையிலிருந்து

ஒன்பதாவது வரிசையும் சிவந்துவிட்டது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதலில் பன்னிரண்டு, அப்புறம் பதினொன்று, பத்து, இப்போது ஒன்பது. கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக இருக்க வேண்டிய பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே, கடைசி வேலியிலிருந்து இந்த அறையை நோக்கி வந்துகொண்டிருந்தன.

ஒரு வரிசையில் ஒரே ஒரு சோலார் பலகையில் வெயில் படாமல் மின்சாரம் குறைந்தால்கூட அந்த வரிசையின் பெட்டி சிவக்கும். மேகம் மறைத்தாலும் சிவக்கும்தான். ஆனால் மேகம் எல்லா வரிசையையும் ஒன்றாக மூடுமே தவிர, வீட்டுக்கு வீடு தபால் கொடுப்பதுபோல் இப்படி வரிசையாக வராது.

பட்டப்பகல். அறைக்குள் அவள் ஒருத்திதான். போன மாதம் பக்கத்து சோலார் பண்ணையில் இதே உச்சிவேளையில்தான் கேபிள் திருடர்கள் புகுந்தார்கள். காவலாளியைக் கட்டிப்போட்டு விலா எலும்பை உடைத்துவிட்டுப் போனார்கள்.

இங்கே காவலாளி வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார். காய்ந்து கிடந்த நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டபோது வீட்டுக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். படித்த மருமகளுக்குக் கம்ப்யூட்டர், படிக்காத மாமனாருக்கு ஒரு தடி. "வெயிலை வித்துச் சாப்பிடற குடும்பம் நம்ம குடும்பம்தாம்மா!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். வாய் ஓயாத மனிதர்.

அந்த மனிதர் ரோந்து போய் வெகுநேரமாகியிருந்தது. அவருக்குப் போன் போட்டாள்.

மணி அவள் முதுகுக்குப் பின்னாலேயே அடித்தது. சார்ஜரில் மாட்டிய போனை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"ஐயோ மாமா, இன்னிக்குப் பாத்தா மறக்கணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் பலகைகள்தான், ஈ காக்கை இல்லை. ஆள் நடந்தால் தலையாவது தெரிய வேண்டும். தலையே தெரியாமல் எப்படி வருகிறார்கள் பாவிகள்? அதற்குள் எட்டாவது பெட்டியும் சிவந்துவிட்டது. உடனே டவுனிலிருந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"சார், யாரோ உள்ள பூந்துட்டாங்க! வரிசை வரிசையா அறுத்துக்கிட்டே வராங்க சார்!"

"மேகம் கீகம் இருக்கப்போகுதும்மா."

"வானத்துல பொட்டு மேகம் இல்ல சார். மாமா வேற வெளிய தனியா மாட்டிக்கிட்டாரு. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? போய்க் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

"அறிவிருக்கா உனக்கு? அவனுங்க கத்தி கடப்பாரையோட வருவானுங்க. கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளயே இரு, நான் போலீஸைக் கூட்டிட்டு வரேன். யாரு தட்டினாலும் திறக்காதே!"

தாழ்ப்பாளைப் போட்டாள். போதாதென்று இரும்பு மேஜையையும் இழுத்துக் கதவோடு முட்டுக் கொடுத்தாள். 'மாமா எங்கயாவது ஒளிஞ்சிருக்கணும், அவர் உயிருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது' என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

ஏழு. ஆறு. ஐந்து. பன்னிரண்டிலிருந்து ஆறு வரை எல்லாப் பெட்டிகளும் மறுபடி பச்சைக்குத் திரும்பியிருந்தன. பயந்த கண்ணுக்குப் பச்சை எங்கே தெரியும்? அடுத்து எது சிவக்கிறது என்பதிலேயே அவள் பார்வை குத்திட்டு நின்றது.

நான்கு. மூன்று ரொம்ப நேரம் சிவந்தே கிடந்தது. போய்விட்டார்களோ என்று மூச்சு விட்டாள். இரண்டு சிவந்தது. பிறகு ஒன்று.

பக்கத்து அறையில் ஓடும் மெஷின்களின் இரைச்சலை மீறி வெளியே ஜல்லிக்கல் சரசரத்தது. எதையோ தரையோடு இழுத்து வருகிறார்கள். கொஞ்சம் இழுப்பதும் நிற்பதும், மறுபடி இழுப்பதுமாக அந்தச் சத்தம் நெருங்கியது. அறுத்த கேபிள் சுருளாகத்தான் இருக்கும். 

கதவின் அடியில் யாரோ தட்டினார்கள்.

சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். வெளியே பேச்சாகவும் இல்லாமல் இருமலாகவும் இல்லாமல் ஒரு கரகரப்பு கேட்டது. மறுபடி தட்டல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கினாள். தட்டுவது மெல்ல மெல்லத் தளர்ந்து, நின்றே போனது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, ஜீப் வரும் சத்தம் கேட்டது. தடதடவென்று காலடிகள் ஓடி வந்தன.

"திறம்மா! சீக்கிரம் கதவைத் திற!" சூப்பர்வைசரின் குரல் அலறியது.

மேஜையைத் தள்ளிவிட்டுத் திறந்தாள். வெளியே திருடனும் இல்லை, கேபிளும் இல்லை. வாசற்படியில் மாமனார் குப்புறக் கிடந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு வீங்கியிருந்தது. வெற்று மார்பெல்லாம் ஜல்லி கீறிய ரத்தம். காக்கிச் சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"மாமா!" என்று கதறிக்கொண்டு அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். போலீஸ்காரர் ஒருவர் பாட்டில் தண்ணீரை அவர் வாயில் ஊற்றினார். இரண்டு மடக்கு இறங்கிய பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"கடைசி வேலிக்கிட்ட குழியில விழுந்துட்டேம்மா, காலு போச்சு. கத்திப் பாத்தேன், உனக்குக் கேக்கல. சட்டையைக் கழட்டி ஒவ்வொரு வரிசையா மூடி மூடி உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே தவழ்ந்து வந்தேன்..."

மருமகளின் முகத்தையே பார்த்தார்.

"நீ கம்ப்யூட்டரைப் பாக்கவே இல்லியாம்மா?"