ஜி.எம். நிற்கும் இடம்

கம்பெனி கிரிக்கெட் அணியில், விக்கெட் கீப்பரை ஒட்டிய முதல் ஸ்லிப் ஜெனரல் மேனேஜரான ஜி.எம்முக்கு உரியது. வேகப்பந்து வீசும் பெலிக்ஸின் கேட்சுகள் ஒன்பது ஆண்டுகளாக அங்கேதான் தரையில் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் அவர் கையை உதறிக்கொண்டு, "நல்ல பால்யா" என்பார். பெலிக்ஸுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. இன்று மாநில அணித் தேர்வாளர் வந்திருந்தார். ஐந்து விக்கெட் எடுத்தால் பெயர் பட்டியலில் ஏறும். நான்கு எடுத்துவிட்டான், ஐந்தாவதை ஜி.எம். இரண்டு முறை நழுவவிட்டிருந்தார். கடைசி ஓவரின் பாதியில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், நீங்க பவுண்டரிக்குப் போங்க."

ஜி.எம். எல்லைக்கோட்டை நோக்கி நடந்தார்.

"ஸ்லிப்புல யாரையாவது நிறுத்துடா" என்று பெலிக்ஸ் கேப்டன் சுகுமாரிடம் சொன்னான்.

"சார் இடத்துல எவன்டா நிப்பான்? எனக்கு வேலை வேணும்."

அடுத்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, காலியாகக் கிடந்த ஸ்லிப் வழியே நெஞ்சுயரத்தில் பறந்தது. எல்லைக்கோட்டில் அதைப் பொறுக்கி எறிந்தவர் ஜி.எம்.தான்.

"இத நான் புடிச்சிருப்பேன்யா."

இன்னும் இரண்டு பந்துகள் இருந்தன. யாரும் கூப்பிடாமலே அவர் ஸ்லிப்பை நோக்கி வந்துகொண்டிருந்தார். பெலிக்ஸ் பந்தைத் தொடையில் தேய்த்தபடி பார்த்துக்கொண்டே நின்றான்.