விட்டுப்போன எண்

"அறுபத்தி ரெண்டு" என்று கூப்பிட்டாள் சலவைக்காரம்மா. அடுத்து, "அறுபத்தி நாலு."

ஆந்தை என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண், துணி வாங்க எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவள் துணிகளில் தைத்த எண் அறுபத்து மூன்று. சனிக்கிழமை மதியம் விடுதி வராந்தாவில் துவைத்த துணியைக் கொடுக்கும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் போகப்போகிற பெண்ணின் துணியைத் தனி மூட்டையாகக் கட்டி வார்டன் அறையில் வைத்துவிடுவார்கள். போன வாரம் நாற்பதாம் எண்ணை விட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் அவள் மெத்தை சுருட்டிக் கிடந்தது.

எல்லாம் அந்தக் கடிதம் செய்த வேலை.

மூன்று வாரத்துக்கு முன், வந்த புதிதில், அப்பாவுக்கு எழுதியது. 'என்னை வந்து கூட்டிப்போகாவிட்டால் சோறு தண்ணி தொடமாட்டேன்.' எழுதத்தான் எழுதினாள், அப்படியா எழுதுவது?

அப்போது அவளை ஏறிட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை. இப்போது அப்படியா? எதற்கெடுத்தாலும் முழிக்கிறாள் என்று ஆந்தை எனப் பெயர் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். கூப்பிட ஒரு பட்டப்பெயர், உட்கார ஓர் இடம். பதினாலு வயதுக்கு வேறென்ன வேண்டும்? இந்த நேரத்தில் பார்த்தா கிளம்புவது?

அப்பா வந்துவிடுவார். அவள் ஒரு தும்மல் போட்டாலே டாக்டரிடம் ஓடுகிற மனுஷர். வாசல் இரும்புக் கதவு கிறீச்சிடும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எண்பத்தொன்பதோடு எண்கள் முடிந்தன. எல்லோரும் துணியோடு போய்விட்டார்கள். அவள் மட்டும் வராந்தாவிலேயே நின்றாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. தபால் அக்கா. கடைசி வகுப்பு; ஞாயிறுதோறும் விடுதிக் கடிதங்களை வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைப் பெட்டியில் போடுகிறவள். அவள் கையில் ஆந்தையின் துணிகள்.

"முடிச்சே போடாம நம்பர் தச்சிருக்க. நூலெல்லாம் உருவிக்கிச்சு, ஊசித் தடம்தான் மிச்சம். உன்னைக் கூப்பிடலையேன்னு போய்க் கூடையைக் கிளறினேன்."

உண்மைதான். ஒரு வாரத்தில் கிளம்பப்போகிறவளுக்கு முடிச்சு எதற்கு என்று அன்று அப்படியே விட்டிருந்தாள்.

ஆந்தைக்கு அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கடிதத்தைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அக்கா அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. ஆந்தையின் கையெழுத்து. பெட்டிக்குள் அதைப்போல இன்னும் முப்பது, நாற்பது உறைகள் கிடந்தன. எல்லாம் புதிதாக வந்தவர்களின் முதல் வாரக் கடிதங்கள்.

அப்பாடா என்று இருந்தது. அழுத கண்ணோடு சிரிப்புக்கூட வந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டாள்.

அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "என்னோடத அப்ப இருந்த அக்கா போட்டுட்டாங்க. போய்ச் சேர்ந்துச்சு. பதினஞ்சு நாள் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். யாரும் வரலை."

என் அப்பா வந்திருப்பார் என்று சொல்ல ஆந்தை வாயெடுத்தாள்.

உறையைப் பெட்டிக்குள் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, நம்பர் தைக்கத் தன் சட்டையை அக்காவிடம் நீட்டிப் பிடித்தாள்.