ஏறுகிறவனுக்குச் சோறு

காற்றாடி நின்றிருந்தது.

வாசல் தெளித்த வாளி கையில் இருக்க, அவள் அண்ணாந்து பார்த்தாள். மூன்று இறக்கைகளும் அசையவில்லை. முருங்கைத் தோப்பில் ஒரு இலைகூட ஆடவில்லை.

வைகாசியில் பிடித்த காற்று. ஐப்பசியில் விழுந்திருக்கிறது.

வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

அது கரண்டு எடுக்கிற ஊர்க் காற்றாடி. பஞ்சாயத்தே வாங்கி நிறுத்தியது. அதன் புண்ணியத்தில்தான் குழாயில் தண்ணீர் வருகிறது, தெருவில் விளக்கு எரிகிறது. காற்று நன்றாக அடிக்க வேண்டும் என்று ஊரே இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைக்கும். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு, காற்று விழட்டும் தாயே என்று கும்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் மதினிக்கு மட்டும் அவள்மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

"ஏளா, காத்தாடிய அப்படி முறைச்சுப் பாக்காத. கண்ணு பட்டு நின்னுரப் போவுது."

நின்றேவிட்டது.

அவள் புருஷனுக்கும் காற்றாடி வேலைதான். ஆனால் இங்கே இல்லை. குஜராத்தில், கட்ச் பக்கம். காற்றுக் காலத்தில் எந்த மிஷினும் நின்றுவிடக் கூடாது என்று ஒருத்தருக்கும் லீவு கிடையாது. இங்கே அடிக்கிற அதே காற்றுத்தான் அங்கேயும்; இங்கே விழுந்தால் அங்கேயும் விழும். கல்யாணமாகிப் பதினாலு மாதம். அதில் அவன் அவளோடு இருந்தது நாற்பத்தோரு நாள்.

"காத்து விழட்டும். அன்னைக்கே ரயில் ஏறிருதேன்" என்று சொல்லியிருந்தான்.

மீன் வண்டியில் நெய்மீன் இருந்தது. இன்று கிளம்பினாலும் அவன் வந்துசேர மூன்று நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினாள். தேங்காய் அரைத்து, அவனுக்குப் பிடித்த மாதிரி மிளகாயைக் கூட வைத்து, குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றினாள்.

கொதி வரும்போது அவனிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, காத்து நின்னாத்தான் மேல ஏற முடியும். சர்வீஸ் வேலை பூரா இப்பந்தான். தை பொறக்கட்டும், வாரேன்."

அவள் போனை வைத்தாள்.

அவள் பிறந்ததும் வாக்கப்பட்டதும் இதே ஊர். வருஷா வருஷம் ஐப்பசியில் ஊர்க் காற்றாடியில் ஆள் ஏறுவதைப் பார்த்தே வளர்ந்தவள். அவனும் அப்படி ஏறுகிற ஒரு ஆள்தான் என்பது மட்டும் இத்தனை நாளும் தோன்றவே இல்லை.

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காற்றாடியில் ஏறுகிறவனுக்கு மத்தியானச் சோறு ஊர் போடும். வீட்டுக்கு ஒரு நாள் முறை. இன்று அவள் வீட்டு முறை.

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். காற்று விழுந்ததுமே காலையில் ஏறினவர்கள் இரண்டு பேர். ஒருவன் பக்கத்து ஊர்க்காரன். சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவன் காற்றாடியின் அடியில் நிழலில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டிய பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

அவனைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

இலையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றப் போனாள். மீனைப் பார்த்ததும் அவன் இலைமேல் கையை நீட்டித் தடுத்தான்.

"மீன் இல்ல, அக்கா. சாப்பிட மாட்டேன்."

தமிழ் அவ்வளவுதான் தெரியும் போலிருந்தது. வெறும் சோற்றை உப்புப் போட்டுப் பிசைய ஆரம்பித்தான்.

மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காத ஆள் ஒருத்தன் அங்கே இருக்கிறான். ரொட்டியும் பருப்பும்தான், காரம் என்று பேருக்குக்கூடக் கிடையாது என்று போனில் புலம்புவான். இவள் சிரிப்பாள்.

வீட்டுக்கு ஓடிப்போய் மோரும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்தாள்.

"எந்த ஊரு?"

"குஜராத். கட்ச்."

மோர் ஊற்றிய கை நின்றுவிட்டது.

அங்கே இருக்கிறவனை இங்கேயும், இங்கே இருக்கிறவனை அங்கேயும் அனுப்ப எந்த மகராசனுக்குத் தோன்றியதோ.

அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, போனில் யாரையோ கூப்பிட்டான். திரையில் ஒரு பெண் வந்தாள். இவள் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மாவை உருட்டிக் கைகளுக்கு நடுவே தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரொட்டிகள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

அவன் சிரித்துக்கொண்டே இவளைக் காட்டி, காலியான இலையைக் காட்டி, என்னவோ சொன்னான். அந்தப் பெண் மாவுக் கையோடு கும்பிட்டாள்.

ஒரு வீட்டுக்கு எதற்கு அத்தனை ரொட்டி? விரலால் காட்டிக் கேட்டாள்.

அவன் மேலே கையைக் காட்டினான்.

"காத்தாடி ஆளு. அங்க, பத்துப் பேரு. இவதான் சமையல்."

கட்ச் எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே எத்தனை காற்றாடி, எத்தனை பத்துப் பேர் என்றும் தெரியாது.

போனை அவன் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, அதுல ஒருத்தருக்குக் காரம் கொஞ்சம் கூடப் போடணும்."

அந்தப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தாள். ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது.

பிறகு தலையாட்டினாள். மூடி வைத்திருந்த மாவுப் பாத்திரத்தைத் திறந்து, இன்னும் ஒரு உருண்டை எடுத்தாள்.