ஹாஃபிஸா வீட்டுக் கடப்பாசி

"நோம்பு மாசத்துல தட்டுத் தட்டா கடப்பாசி காச்சுறா. பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு? மூச்!"

ரம்ஜான் பீவி வாயத் தொறந்தா நாகல் நகர் சந்துக்கே மைக்செட்டு தேவையில்ல. இன்னைக்கு மாட்டுனது அடுத்த வீட்டு ஹாஃபிஸா. தனியாத் திட்டுனா ருசிக்காதே! எதுத்த வீட்டு ஷப்னத்தையும் இழுத்துக்கிட்டு நேரா அவ அடுப்படிக்கே வந்துருச்சு.

ஹாஃபிஸா ஏற்கெனவே நொந்து போயி, புதுசாப் பாசி காச்சிக்கிட்டு நின்னா. தொழுதுட்டு வாரதுக்குள்ள, ஜெல்லி மாதிரி ஒறையட்டும்னு ஆற வச்ச கண்ணாடித் தட்டுல ஒரு மூலையவே யாரோ தோண்டிட்டாங்க. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரங்க எடுக்க வாராங்க. மொத ஆர்டரு. இத விட்டா இன்னொண்ணு தர மாட்டாங்க.

"பாத்தியா ஷப்னம்! மேல வெள்ள, நடுவுல மஞ்ச, கீழ ரோஸு. கல்யாண வீட்லகூட இம்புட்டு சோக்கா வைக்கல."

"மாமி, இது திங்கிற சாமான் இல்ல."

"ஆமா, சட்டம் போட்டு செவுத்துல மாட்டுற சாமான்!"

ஷப்னம் எட்டிப் பாத்தா. "ஒரு மூலையக் காணோமேக்கா?"

"வேற யாரு, இவதான் அமுக்கியிருப்பா! நோம்ப வச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல! நான் இந்த வயசுல எச்சியக்கூட முழுங்காம கெடக்கேன். ஒனக்கு என்னடி கேடு?"

ஹாஃபிஸாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

"இது போலிச் சதை மாமி. மேல தோலு, நடுவுல கொழுப்பு, கீழ தசை. உள்ளுக்குள்ள ஒரு கட்டி வச்சிருந்தேன். ஸ்கேன் மிசினு அந்தக் கட்டியச் சரியாக் காட்டுதான்னு மொதல்ல இதுல வச்சுப் பாப்பாங்க. அப்பறந்தான் மனுசங்களப் படுக்க வைப்பாங்க. கட்டியோட சேத்துத் தோண்டிட்டாங்க."

"கத வுடாத. வெறும் பாசிதான?"

"பாசி, ஸ்கேன்ல தெரியறதுக்கு பென்சில்ல இருக்குற கருப்புத் தூளு ஒரு சிட்டிக, அப்பறம் கெட்டுப்போகாம இருக்க ஒரு மருந்து. வாயில படக்கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கான்."

ரம்ஜான் பீவிக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

"மருந்துன்னா... எலி மருந்து மாதிரியா?"

"அம்புட்டு மோசமில்ல. ஆனா வயித்தக் கலக்கும். ஏன் மாமி?"

"அதான பாத்தேன், சீனியே இல்லாம கசந்துச்சு! அய்யய்யோ, வயிறு என்னமோ பண்ணுதே! அடியே ஷப்னம், ஆட்டோவக் கூப்புடுடி!"

ஷப்னம் வாயப் பொத்திக்கிட்டு ஓடுனா. ஹாஃபிஸா கொதிச்சுக்கிட்டிருந்த பாசியப் பாத்தா, மாமியப் பாத்தா. அடுப்ப அணைச்சா. மாமியக் கைத்தாங்கலா வாசலுக்குக் கூட்டியாந்தா.

அங்க சந்தே கூடி நின்னுச்சு. "என்னாச்சு, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, வழி விடுங்க," ஹாஃபிஸா சொன்னா. "மாமி எச்சியக்கூட முழுங்காம நோம்பு இருந்துச்சா, அதான் கிறுகிறுன்னு வந்துருச்சு."