கைமாறிய மார்க்கர்

"என்னை மன்னிச்சுடுப்பா ட்வெய்ன்" என்றார் ஹாஸ்கெல், சுவரிலிருந்த படங்களைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் ட்வெய்ன்தான். அந்த இண்டியானா கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு ஹாஸ்கெல் தலைமைக் கோச், அவன் உதவிக் கோச்.

வியர்வைத் துண்டு துவைப்பதில் தொடங்கி, ஆட்டங்களை வீடியோ எடுத்து, ஊர் ஊராக வேன் ஓட்டி நெட்டைப் பையன்களைத் தேடிப் பிடித்து, ஒருவழியாகப் பெஞ்சில் கோச்சுக்குப் பக்கத்து இடத்துக்கு வந்திருந்தான். கல்லூரி மாறும்போதெல்லாம் வீடும் மாறியது. அவன் மனைவி ரெனே காலிப் பெட்டிகளை எறிவதையே விட்டுவிட்டாள். "எப்படியும் அடுத்த வருஷம் வேணும்ல?" என்பாள்.

அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் போன வாரம் கேன்டீனில் விளையாட்டு டைரக்டர் ஹோல்கம், "கிழவர் எப்படி இருக்கார்?" என்று ஹாஸ்கெல்லைப் பற்றிக் கேட்டபோது அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கார் சார். டைம்-அவுட்லதான் கொஞ்சம் மறதி. பசங்களுக்கு என்ன உத்தி சொல்றதுன்னு தெரியாம மார்க்கரை என் கையில குடுத்துடறார். பலகையில நான்தான் வரையறேன்."

பொய் இல்லை. இந்த சீசனில் ஆட்டம் இறுக்கமாகி, டைம்-அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்தும்போதெல்லாம் கிழவர் அப்படித்தான் செய்தார். போதாததற்கு, "சனிக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு ரெனேயைக் கூட்டிட்டு வா. நல்ல டையா கட்டிட்டு வா" என்று தினமும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனாலும் ஹோல்கமிடம் சொன்னதிலிருந்து ட்வெய்னுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"காலையில கூப்பிட்டு, சனிக்கிழமை ஆட்டத்துக்கே வரவேண்டாம்னுட்டான் ஹோல்கம்" என்றார் ஹாஸ்கெல். "எனக்கு மூளை மழுங்கிப்போச்சாம். எவனோ நல்லா வத்தி வச்சிருக்கான்."

"யாருன்னு... சொன்னாரா கோச்?"

"சொல்லல. தெரிஞ்சு என்ன பண்ணப்போறேன்? என் கவலை அது இல்ல. ஒஹாயோவிலேர்ந்து புது ஆள் வர்றான். கூடவே அவனோட ஆளுங்களும் வர்றாங்க. நம்ம தொழில் உனக்குத் தெரியாததா? தலையைத் துரத்தினா பெஞ்சையே கழுவி விட்டுடுவாங்க. உனக்கும் வேலை இல்லப்பா."

நாற்காலி காலியானால் பக்கத்தில் இருப்பவனைத்தான் உட்கார வைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தான் ட்வெய்ன். ரெனேயின் காலிப் பெட்டிகள் கண்முன் வந்தன. அதைவிட, கிழவர் தனக்காகக் கண்கலங்குவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. எது வந்தாலும் வரட்டும் என்று வாயைத் திறந்தான்.

"கோச், அது வந்து... ஹோல்கம்கிட்ட நான்தான்..."

"தெரியும்ப்பா. எனக்காகப் பரிஞ்சு பேசியிருப்பே. நீ பேசாம இருப்பியா?"

ஹாஸ்கெல் மேஜை டிராயரிலிருந்து மார்க்கரை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினார்.

"தப்பு என்னோடதுதான். உன் திறமையை ஹோல்கம் கண்ணால பாக்கட்டும்னுதான் இதை உன் கையில குடுத்துக்கிட்டே இருந்தேன். சனிக்கிழமையோட நானே ரிட்டயர் ஆகிறதா இருந்தேன். ரிட்டயர் ஆகிறவன் யாரைக் கைகாட்டுறானோ அவனுக்குத்தான் நாற்காலி. துரத்தியடிச்ச ஆள் பேச்சு எடுபடுமா?"

பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"சனிக்கிழமை மைக்கில உன் பேரைத்தான் சொல்றதா இருந்தேன்."