பன்னிரண்டு கட்டங்கள்

தலை, உடம்பு, இரண்டு கை எல்லாம் கயிற்றில் தொங்கியாகிவிட்டது. கால்கள் மட்டும்தான் பாக்கி.

"டேய், இன்னும் ரெண்டு தப்பு பண்ணா ஆளு காலிடா!" என்று போன் ஸ்பீக்கரில் அலறினான் குண்டு. பேக்கரி வைத்திருப்பவன். பின்னால் மாவு பிசையும் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாவது மாடி இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு ஸ்பானர் பிடிக்கிற லிஃப்ட் மெக்கானிக், லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வியர்த்து ஒழுகினான்.

திரையில் தொங்கிக்கொண்டிருந்தது வெறும் கோட்டுப் படம். ஆன்லைனில் நண்பர்கள் கூட்டம் தினமும் சாயங்காலம் ஆடும் வார்த்தை விளையாட்டு. ஒருவர் மனசில் வைத்ததை மற்றவர் ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு தப்பு விழுந்தால் தூக்கு.

இன்று ஆட்டத்தில் இரண்டே பேர். மெக்கானிக், எதிரில் பல் டாக்டர். மெக்கானிக் வைத்திருந்த வார்த்தைகள், 'கல்யாணம் பண்ணிக்கலாமா'.

நேரில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. பல் வலி என்று பொய் சொல்லி அவள் கிளினிக்குக்கே போனான். வாயைத் திறந்ததும் பஞ்சை அடைத்துவிட்டாள். மறுபடி போனபோது மரத்துப்போக ஊசி போட்டுவிட்டாள். உதடு ஒருபக்கம் இழுக்க, "கல்... கல்..." என்று அவன் திணற, "பல்லுல கல்லு மாட்டிக்கிச்சா? இருடா எடுக்கிறேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வாயே திறக்காம கேக்கிற மாதிரி ஒரு வழி சொல்றேன்" என்று குண்டுதான் இந்த யோசனையைக் கொடுத்தான். திரையில் வருவதையெல்லாம் மெக்கானிக் அவனுக்குப் போனில் வாசித்துக்கொண்டே இருந்தான்.

இதுவரை அவள் பிடித்தது க, ம் என்ற இரண்டு எழுத்துதான். அடுத்து 'ட்' என்று வந்தது. தப்பு. ஒரு கால் முளைத்தது.

"போச்சு! 'கட்டடம்'னு நினைச்சிட்டா போல" என்றான் குண்டு.

"கட்டடம்னா லிஃப்ட். லிஃப்ட்னா நான். என்னைத்தான்டா நினைக்கிறா" என்றான் மெக்கானிக், லேப்டாப்பைத் தடவிக்கொடுத்தபடி.

"அடச்சீ. ஆளு ஒத்தைக் கால்ல தொங்கிட்டிருக்கான், உனக்குக் காதல் வழியுது."

வழக்கமாக அவள் படபடவென்று அடித்து, நடுவில் 'மக்கு', 'மண்டு' என்று நாலு திட்டும் அனுப்புவாள். இன்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யுகம். கடைசியில் 'ல்' வந்தது. சரி. கூடவே 'மிக்க நன்றி' என்றும் வந்தது.

"டேய், நன்றி சொல்றாடா!"

"வெக்கம்டா. வெக்கம் வந்தா கூடவே மரியாதையும் வந்துடும்" என்று தீர்ப்புச் சொன்னான், இதுவரை ஒரு பெண்ணிடமும் முகம் பார்த்துப் பேசியிராத குண்டு.

அடுத்து 'யா'. சரி. அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி எழுத்துகள் வந்து விழுந்தன. பன்னிரண்டு கட்டமும் நிறைந்தது. கயிறு அறுந்து கோட்டு மனிதன் ஒத்தைக் காலிலேயே குதித்தோட, திரை முழுக்கப் பலூன் பறந்தது.

பேக்கரியில் குண்டு மிஷினையே நிறுத்திவிட்டான்.

'சிகரெட் பழக்கம் உண்டா?' என்று வந்தது.

"இது என்னடா கேள்வி? என் பல்லையெல்லாம் பார்த்தவதானே?"

"டாக்டர் இல்லையா, கன்ஃபார்ம் பண்ணிக்கிறா. சீக்கிரம் பதில் போடு!"

'சத்தியமா இல்ல' என்று அடித்தான்.

'கோபம் வருமா?'

'எனக்கா? வரவே வராது.'

"டேய், போன வாரம் எம்மேல பன்னைத் தூக்கி எறிஞ்சியே!" என்றான் குண்டு.

"வாயை மூடுடா!" என்று கத்தினான் மெக்கானிக்.

அடுத்தது வரும்வரை நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்தான், உட்கார்ந்தான், தண்ணீர் என்று நினைத்துப் பூச்சாடியைத் தூக்கி வாயருகே கொண்டுபோனான்.

ஒரே ஒரு வார்த்தை வந்து விழுந்தது. 'சம்மதம்.'

மெக்கானிக் கட்டில்மேல் ஏறிக் குதித்தான். ஒரு பலகை மடாரென்று உடைந்தது. அந்தப் பக்கம் குண்டு யாரையோ கட்டிப்பிடிக்க, "அண்ணே, மாவு, மாவு!" என்று வேலையாள் கத்துவது கேட்டது.

"கேக் என் செலவுடா! மூணு அடுக்கு!" என்று அலறினான் குண்டு. "பாதிக் கிணறு தாண்டியாச்சு. இனிமே அவங்கப்பா ஒருத்தர்தான். அந்த மனுஷன் லேசுல மசிய மாட்டார்னு கேள்வி."

"அதெல்லாம் அவ பார்த்துப்பா. இரு, இரு, அவதான் கூப்பிடறா! நீ வை!"

குண்டுவைத் துண்டித்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து, தலையை வேறு கோதிக்கொண்டு போனை எடுத்தான். குரலைக் குழைத்து, "சொல்லும்மா..." என்றான்.

அந்தப் பக்கம் கனமான ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமியது.

"போனை வீட்லயே மறந்து வச்சுட்டுப் போயிட்டா மாப்ள, வந்ததும் எதுக்கும் அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்!"