இத்தா முடிந்த நாள்

சீசாவின் மூடியைத் திறக்க ஷம்ஸாவுக்குக் கை வரவில்லை.

"திற புள்ள! அதான் இத்தா முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?" என்றாள் கணவனின் அக்கா மோஸா.

கூடம் நிறையப் பெண்கள். அல்வாத் தட்டு பாதி காலியாகி, காப்பி ஒரு சுற்று முடிந்திருந்தது. சாம்பிராணிப் புகை ஒவ்வொருத்தியின் முக்காட்டுக்குள்ளும் புகுந்து வந்துகொண்டிருந்தது.

கறுப்புக் கண்ணாடிச் சீசா. மஸ்கட்டிலேயே பெரிய கடையில் கணவர் கல்ஃபான் வாங்கிவந்தது. அவர் இப்படியெல்லாம் வாங்கித் தருகிறவர் இல்லை. எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்று சொல்லிவிட்டு, மறுநாள் வழக்கம்போல் சூருக்குப் போனார். அங்கே மீன் வியாபாரம். வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பார். திரும்பி வரும்போது மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தது.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும்; அது முடியும்வரை வாசனை பூசக் கூடாது. சீசா பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தது.

பூசாமல் இருந்தது அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. பார்க்க வந்தவர்களைத் தாங்கிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. முதலில் அழுதுகொண்டு வந்தார்கள். கொஞ்ச நாள் போனதும் ஊது அத்தரும் பன்னீருமாக மணக்க மணக்க வந்து, யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ பேசிவிட்டுப் போனார்கள். மோஸாவும் அப்படித்தான். அவர்கள் போன பிறகும் அவர்களுடைய வாசனை கூடத்தில் நிற்கும். அவருக்காக ஒன்றும் பூசாமல் இருப்பவள் இந்த உலகத்தில் தான் ஒருத்திதான் என்று ஷம்ஸாவுக்குத் தோன்றும்.

மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டில் சென்ட்டை அடித்துக்கொண்டாள்.

முதலில் ரோஜா. வெயில் பார்க்காத, இருட்டிலேயே பூத்ததுபோல் ஒரு ரோஜா. அதன் பின்னால் ஊதுக்கட்டை. கடைசியில், மழையில் நனைந்த மரம்.

"மாஷா அல்லாஹ்!" என்றது கூடம்.

ஷம்ஸா அந்த வாசனைக்குள் அவர் முகத்தைத் தேடினாள். வரவில்லை. எப்படி வரும்? இதைப் பூசிக்கொண்டு அவர் எதிரில் ஒருநாளும் நின்றதில்லையே. யாரோ ஒரு பணக்காரியின் வாசனை தன் கையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"உனக்காவது இதோட முடிஞ்சுது," மோஸா அல்வாவை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். "வயித்துல ஒண்ணு இருந்திருந்தா, பெத்து எறக்குற வரைக்கும் இத்தாதான். புள்ள இல்லாததுல இது ஒரு சௌகரியம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஷம்ஸாவும் சிரித்துவைத்தாள்.

பிறகு சீசாவை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் பூசிவிடக் கிளம்பினாள். நீட்டிய கைகள், ஒதுக்கிய முக்காடுகள், வாழ்த்துகள். கடைசியாகக் கதவோரம் இருந்த பெண்ணிடம் வந்தாள்.

சின்னப் பெண். நிறைமாதத்துக்கு அதிக நாள் இல்லை என்று கறுப்பு அங்கிக்கு மேலேயே தெரிந்தது. சீசா அருகில் வந்ததும் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்."

"சென்ட் வேணாம்னு சொல்ற பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள் மோஸா.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஷம்ஸாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கு இத்தா இன்னும் முடியல."

ஷம்ஸா அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கண்ணில் மை இல்லை. கையில் மருதாணி இல்லை, மோதிரம் இல்லை. இவ்வளவு அருகில் நின்றும் அவளிடமிருந்து சோப்பு வாசனை தவிர ஒன்றும் வரவில்லை.

"எந்த ஊரும்மா?"

"சூர்."

வாரத்தில் பாதி நாள் அவர் இருந்த ஊர். சீசாவை அவள் முகத்தில் எறிய வேண்டும்போல் இருந்தது. பிடியும் இறுகியது.

ஆனால் அந்தப் பெண் அவளைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, ஷம்ஸாவின் மணிக்கட்டிலிருந்து வந்த வாசனையை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது. இதே வாசனையோடு இவள் அவர் எதிரில் நின்றிருக்கிறாள், தான் தேடிக் கிடைக்காத முகம் இவளுக்குக் கிடைத்துவிட்டது என்று ஷம்ஸாவுக்குத் தெரிந்தது.

"இங்க குடு, நான் அடிச்சு விடறேன்." மோஸா எழுந்து வந்து சீசாவைப் பிடுங்கி, அந்தப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனாள்.

ஷம்ஸா அவள் கையைத் தட்டிவிட்டாள். "விடுங்க மதினி! பிள்ளைத்தாச்சி. குமட்டும்."

சீசா விரிப்பில் உருண்டது. மோஸா குனிந்து அதை எடுத்தாள்.

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போகிறவளைக் கட்டி அணைத்து வழியனுப்புவதுதான் வழக்கம். ஷம்ஸா நீட்டிய கைகளைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். கையெல்லாம் வாசனை. தொட்டால் அவள்மேல் ஒட்டிவிடும்.

"இரு. இதோ வந்துடறேன்."

குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுபடியும் போட்டாள். தேய்க்கத் தேய்க்க ரோஜா போய், ஊது போய், அந்த நனைந்த மரம் மட்டும் போகாமல் நின்றது.

திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. தெருமுனையில் ஒரு வாடகை வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

"போயிட்டா," என்றாள் மோஸா. "யாரு புள்ள அது? உன் பக்கத்துச் சொந்தமா?"

ஷம்ஸா ஈரக் கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்ல மதினி. உங்க பக்கம்."